லேபிள் ஒட்டிய கைக்கு வரலாறு கிடையாதா?

போன மாதம் தூத்துக்குடியில் ஒரு கல்லூரிப் பயிலரங்கத்துக்கு எங்கள் மாலைநேரப் படிப்பகத்துப் பிள்ளைகள் ஆறு பேரை அழைத்துப் போயிருந்தோம். தலைப்பு, நவீன கிராஃபிக் டிசைனின் வரலாறும் அதன் மேதைகளும். நல்ல தலைப்புதான். போஸ்டரும் மீமும் இல்லாமல் இன்றைக்கு எந்த இயக்கமும் இல்லை. பிள்ளைகள் இதைக் கற்கட்டும் என்றுதான் போனோம்.

திரையில் வரிசையாக வந்தார்கள். வில்லியம் மோரிஸ், பீட்டர் பெரன்ஸ், 1919இல் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளி, யான் சிக்கோல்ட், ஹெல்வெட்டிகா எழுத்துரு, ஐபிஎம் நிறுவனத்துக்கு லோகோ வரைந்த பால் ராண்ட், மில்டன் கிளேசர். பிறகு ஒரு தாவலில் இந்தியா: சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம். கடைசியில் பழைய தீப்பெட்டி லேபிள்கள் கொஞ்சம். கிளி, தாமரை, சேவல், கப்பல். "நாட்டுப்புற அழகியல், அறியப்படாத கலைஞர்கள்" என்று ஒரு வரி.

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த தங்கச்சி ஒருத்தி கையைத் தூக்கினாள். "சார், அந்தக் கிளி லேபிள் எங்க ஆச்சி ஒட்டுனது."

பேசியவர் சிரித்தார். "ஒட்டுறது வேற, டிசைன் வேற ம்மா" என்றார். அரங்கமும் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் எழுதாமல் எங்களால் அடுத்த வேலைக்குப் போக முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அந்த மேதைகள் மேல் எங்களுக்குக் கோபம் எதுவும் இல்லை. சிக்கோல்ட் 1928இல் புதிய அச்சுக்கலை பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். 1933இல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். அதே ஆண்டு பௌஹவுஸும் மூடப்பட்டது. எழுத்தை எப்படி அடுக்குவது என்று எழுதியவரைப் போலீஸ் ஏன் தேடி வர வேண்டும்? எழுத்தின் வடிவத்துக்குள் அரசியல் இருக்கிறது என்பது நாஜிகளுக்குப் புரிந்திருந்தது. நம் ஊர் வகுப்பறைகளுக்குத்தான் புரியவில்லை. இங்கே அது ரசனைப் பாடமாக, எந்த நிறத்துக்கு எந்த நிறம் பொருந்தும் என்ற சேலைக்கடைப் பேச்சாக நடத்தப்படுகிறது.

ஈம்ஸ் தம்பதியர் 1958இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கைதான் 1961இல் அகமதாபாத் நிறுவனம் உருவாக அடித்தளம். அதில் அவர்கள் மிகவும் கொண்டாடிய பொருள் நம் சொம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தலையில் சுமப்பதா இடுப்பில் சுமப்பதா, கைக்கு எப்படி இருக்கும், என்ன விலை என்று ஒரு சொம்பை வடிவமைக்க யோசிக்க வேண்டியதையெல்லாம் நீளமாகப் பட்டியல் போட்டார்கள். அழகான பட்டியல். அந்தச் சொம்பை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை. டீக்கடையில் நமக்கென்று தனிக் குவளை மாட்டி வைத்திருந்தார்களே, அதுவும் ஒரு டிசைன்தான். அந்தக் குவளையைப் பாடத்தில் வைத்த டிசைன் பள்ளி எது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

அந்தப் பயிலரங்கம் நடந்த இடத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே போனால், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. 1586இல் அங்கே தமிழில் ஒரு புத்தகம் அச்சானது. என்ரீக்கே என்ரீக்கஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் எழுதிய அடியார் வரலாறு, 600 பக்கங்களுக்கு மேல். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு 1578இல் கொல்லத்தில் அவருடைய தம்பிரான் வணக்கம், வெறும் 16 பக்கம். கோவாவில் 1577இல் ஒருமுறையும் கொல்லத்தில் 1578இல் இன்னொரு முறையும் தமிழ் எழுத்துகளை வார்த்தார்கள். ஓலையில் எழுதுகிற பழக்கப்படி மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. கோன்சால்வெஸ், ஃபாரியா என்று அச்செழுத்து செய்தவர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன.

இதைச் சொன்னதும் சிலருக்கு மார்பு விரியும், அச்சேறிய முதல் இந்திய மொழி என்று. எங்களுக்கு அந்தப் பெருமையில் அக்கறை இல்லை. அந்தப் புத்தகங்கள் யாருக்காக அச்சாயின? 1530களில் மதம் மாறிய இந்தக் கரையின் பரதவர்களுக்காக. அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். பரதவர்கள் தலித்துகள் அல்ல. அவர்களுக்குள்ளும் மேல் கீழ் இருந்தது, இருக்கிறது. ஆனால் தமிழ் அச்சுப் புத்தகத்தின் முதல் வாசகர்கள் மடத்திலோ அரண்மனையிலோ இல்லை, மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிய உழைப்பாளிகளின் கரையில் இருந்தார்கள் என்பதை நம் பாடநூல் ஒருபோதும் இப்படிச் சொல்வதில்லை. பாதிரியார் பெயர் இருக்கிறது, எழுத்து வார்த்தவர் பெயர் இருக்கிறது. முங்கியவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

இதே ஊரில் இன்று திரும்பிய பக்கமெல்லாம் திறந்த சிப்பியும் நடுவில் ஒரு முத்தும். கடைப் பலகை, விடுதி, கல்யாண மண்டபம், ரயிலுக்குக்கூட முத்துநகர் என்று பெயர். கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன் பிறகு கடலில் யாரும் முத்துக்காக முங்கவில்லை. லோகோ மட்டும் முங்கிக்கொண்டே இருக்கிறது. சிப்பியை வரைந்த எந்தப் பலகையிலும் அதை எடுத்து வந்த ஆளை நாங்கள் பார்த்ததில்லை.

இனி லேபிளுக்கு வருவோம்.

1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அதுவரை ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டிகள் கப்பலில் வந்தன. அவற்றின் லேபிள்களைப் பார்த்துத்தான் நம் லேபிளும் பிறந்தது. எழுத்துத் தெரியாதவரும் கடையில் போய் "கிளிப்பெட்டி குடுங்க" என்று கேட்க வேண்டும். ஒன்றரை அங்குல இடம், இரண்டு மூன்று நிறம், எட்ட நின்று பார்த்தாலும் அடையாளம் தெரிய வேண்டும். சுவிட்சர்லாந்துக்காரர்கள் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்த சுருக்கத்தைச் சிவகாசி லித்தோ அச்சகங்கள் பெட்டிக்கடைக்காகச் செய்துகொண்டிருந்தன.

சரி, இதன் அடுத்த கட்டத்தைப் பேசுங்கள். அச்சான தாள் லேபிள் ஆவது எப்போது? பெட்டியில் ஒட்டப்படும்போது. கரிசல் காட்டில் மழை பொய்த்த கிராமங்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் விடிவதற்கு முன்பே வந்துவிடும். தூங்குகிற பிள்ளையைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள். ஆபீசில் சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலை. வீட்டில் இருந்தால் பெட்டி ஒட்டும் வேலை, லேபிள் ஒட்டும் வேலை. கணக்கு குரோஸ் கணக்கு. 144 பெட்டி சேர்ந்தால்தான் ஒரு குரோஸ், குரோசுக்குத்தான் கூலி. அந்த வேனில் ஏறியவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நம் குடியிருப்புகளிலிருந்தும் போனார்கள், மற்ற ஏழை வீடுகளிலிருந்தும் போனார்கள்.

பயிலரங்கம் முடிந்த வாரமே அந்தத் தங்கச்சியின் ஆச்சியைப் பார்க்கப் போனோம். ஏழு வயதில் ஒட்டத் தொடங்கியவர். லேபிள் அரை நூல் கோணலாகப் போனாலும் பெட்டியைக் கழித்துவிடுவார்களாம், கழித்த பெட்டிக்குக் கூலி இல்லையாம். "கிளியோட வாலு ஓரத்துல மடங்கக் கூடாது. மடங்குனா அடி" என்றார். ஒழுங்கு, ஓரம், நடுமையம், விடவேண்டிய வெளி. மாணவர்களுக்கு நாலு வருடம் சொல்லிக்கொடுக்கிற சங்கதியை அவர் ஏழு வயதில் அடி வாங்கிக் கற்றிருக்கிறார். ஒட்டுவது வேறு, டிசைன் வேறாம்!

இதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. 1983இல் ஸ்மிது கோத்தாரி எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதினார். 1990இல் சலம் பென்னூர்கர் குட்டி ஜப்பானின் குழந்தைகள் என்ற ஆவணப்படம் எடுத்தார். நம் பூமணி கருவேலம்பூக்கள் எடுத்தார். 1996இல் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இவ்வளவும் பொதுவெளியில் இருக்கிறது. ஆனாலும் லேபிளைச் சேகரிக்கிறவர்களின் ஆல்பத்தில் இதில் ஒரு வரியும் நுழையவில்லை. லேபிள் பழம்பொருளாகிவிட்டது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். அதன் பின்பக்கம் காய்ந்து கிடக்கிற பசையை முகர்ந்து பார்த்தவர் ஆச்சிதான்.

கோவில்பட்டி என்றால் கொண்டையராஜு பெயரையும் சொல்ல வேண்டும். 1898இல் பிறந்தவர், 1976இல் மறைந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டே ஊர் ஊராகப் போய், 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் சீடர்கள் ராமலிங்கம், சுப்பையா, அருணாசலம் போன்றவர்களும் எழுதிய சாமிப் படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீடு வீடாகப் போயின. எத்தனை டிசைன் வரலாற்றுப் புத்தகங்களில் இவருக்கு இடம் இருக்கிறது? பால் ராண்ட் வரைந்ததைவிட இவர் எழுதிய மீனாட்சியையும் முருகனையும் அன்றாடம் பார்த்த கண்கள் தமிழ்நாட்டில் அதிகம் என்று அடித்துச் சொல்லுவோம்.

அவரைக் கொண்டாடும்போதும் நமக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 1939இல்தான் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் கால் வைக்க முடிந்தது, அதுவும் வைத்தியநாத ஐயர் முன்னின்று, கக்கன் உள்ளிட்டோர் கூடப் போய், ஊரே எதிர்த்து நின்ற பிறகு. அதற்குச் சில ஆண்டுகளிலேயே மளிகைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த காலண்டரில் மீனாட்சி சேரிக்குள் நடந்து வந்துவிட்டாள். கதவு திறக்காத கோயிலின் சாமியைத் தாள் கொண்டுவந்து கொடுத்தது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் வந்த சாமியின் நிறம் என்ன, நகை என்ன, மூக்கு யாருடைய மூக்கு? நம் காட்டுக்குள் கல்லாக நிற்கிற அம்மனுக்கு ஏன் காலண்டர் வரவில்லை? எங்கள் வீட்டுச் சுவரில் பளபளவென்று தொங்கிய தெய்வம் எங்கள் பாட்டியைப் போல ஒருநாளும் இருந்ததில்லை.

இப்போது கொஞ்சம் கசப்பான இடம். பீட்டர் பெரன்ஸ் 1907இல் ஜெர்மனியின் ஏஇஜி மின்சாரக் கம்பெனிக்கு வேலைக்குச் சேர்ந்து, விளக்கு முதல் விளம்பரத் தாள் வரை ஒரே தோற்றம் கொடுத்தார். கம்பெனி அடையாளம் என்ற டிசைன் பிரிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். இரண்டே நிறம், ஒரே குறி, எல்லாப் பரப்பிலும் திரும்பத் திரும்ப. பார்த்த கணத்தில் யார் என்று தெரிந்துவிட வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் வந்து பாருங்கள். மின்கம்பம், பஸ் நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி, பாலத்துக் கைப்பிடிச் சுவர். இரண்டு நிறப் பட்டை. ஊர் மாறினால் நிறம் மாறும். பள்ளிக்கூடத்துக்குப் போனால் பையன்களின் மணிக்கட்டில் அதே நிறத்தில் கயிறு. எந்த நிறம் எந்தச் சாதி என்று இங்கே எழுத மாட்டோம். தென்மாவட்டத்தில் ஆறாம் வகுப்பு தாண்டிய யாருக்கும் அது மனப்பாடம். எந்த நிறுவனமும் காசு செலவழித்துச் சாதிக்க முடியாத அடையாள வடிவமைப்பைச் சாதி இங்கே சாதித்து வைத்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து உடன் படித்த பையன்கள் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறுக்குத் தடை வேண்டும் என்றது. உடனே என்ன கூச்சல்! நிறம் வெறும் நிறம்தான் என்றால் இவ்வளவு கூச்சல் எதற்கு?

நம் பையன்களும் கட்டுகிறார்கள். தெரியும். "அவங்க கட்டுறாங்க, நாங்க கட்டக் கூடாதா அண்ணே?" என்று கேட்கும் தம்பிகளோடு நாங்கள் பல இரவுகள் பேசியிருக்கிறோம். அடிக்கிறவன் கயிறும் அடிபடுகிறவன் கயிறும் ஒன்றல்ல. ஆனாலும் அவன் போட்ட டிசைனுக்குள் நாம் ஏன் நிறம் மட்டும் மாற்றி உட்கார வேண்டும்?

பெயரெழுத்து என்ன செய்யும் என்பதற்கு 1997ஐவிட நல்ல பாடம் இல்லை. ஓட்டப்பிடாரம் பக்கம் கவர்னகிரியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கம், கட்டபொம்மனின் படைத்தளபதி, தேவேந்திரகுலத்தவர். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை அரசு வைத்தது. பஸ்ஸின் பக்கவாட்டில் பெயின்டில் எழுதிய ஒரு பெயர், அவ்வளவுதான். அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கல் எறிந்தார்கள். கலவரம் மூண்டு உயிர்கள் போயின. அரசு கண்டுபிடித்த தீர்வு என்ன? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்போதுதான். ஒரு தலித்தின் பெயரை எழுதிய பெயின்ட் காய்வதற்குள், கப்பலோட்டிய வ.உ.சி.யின் பெயரையும் சேர்த்து அழித்தார்கள். பொதுப் பரப்பில் யாருடைய எழுத்து இருக்கலாம் என்று தீர்மானிப்பதில் டிசைன் இல்லை என்று இனியும் சொல்வீர்களா?

நமக்கு வரலாறு இல்லாமல் இல்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கியபோது தலைப்பில் பெரிய எழுத்தில் போட்ட சொல் 'பறையன்'. எந்தச் சொல்லால் அடித்தார்களோ அதையே முகப்பெழுத்தாக்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து கொண்டுவந்த இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயர், யார் வாங்க வேண்டும் என்பதும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இதைவிடச் சுருக்கமான முகப்பை எந்த விளம்பரக் கம்பெனி எழுதியது? பெரியார் 1935இல் குடி அரசில் ணா, றா, னா, ணை, லை, னை போன்ற எழுத்துகளை மாற்றினார். அச்சுக்கோப்பவர் பெட்டியில் எழுத்து குறையும், படிக்கிற பிள்ளைக்குச் சுமை குறையும் என்பதுதான் காரணம். 43 ஆண்டு கழித்து, 1978இல் அரசு அதை ஏற்றது. நீங்கள் இப்போது படிக்கிற இந்த எழுத்தே ஒரு இயக்கப் பத்திரிகையின் டிசைன்.

வெளியிலும் நமக்கு உறவினர்கள் உண்டு. பௌஹவுஸுக்குப் பத்தொன்பது ஆண்டுகள் முன்பு, 1900இல், பாரிஸ் கண்காட்சிக்கு டு போய்ஸ் கறுப்பின மக்களின் வாழ்க்கையைப் புள்ளிவிவரப் படங்களாகக் கொண்டுபோனார். அவர் சமூகவியலாளர். அட்லாண்டா பல்கலைக்கழகத்து மாணவர்களோடு சேர்ந்து கையாலேயே வரைந்த சுமார் 60 அட்டைகள். சுருளாகச் சுற்றும் சிவப்புக் கோடு, பட்டை பட்டையாக நிறம். நாங்கள் முதுகலைச் சமூகவியல் படித்த இரண்டு ஆண்டில் ஒரு நாள்கூட இந்த அட்டைகளை யாரும் காட்டவில்லை. எமரி டக்ளஸ் அச்சு வேலையைத் தொட்டது சிறார் சீர்திருத்தப் பள்ளியில். அவர்தான் பின்பு பிளாக் பாந்தர் பத்திரிகையின் பக்கங்களை வடிவமைத்தார். அந்தப் பெயர் கடல் தாண்டி 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்ஸ் ஆனது.

பிறகு நம் அம்பேத்கர். 1967இல் நாடாளுமன்ற வளாகத்தில் வைத்த, பி.வி. வாக் செய்த சிலை. நீட்டிய விரல், கையில் அரசமைப்புச் சட்டம். அதற்கு விதிமுறைக் கையேடு எதுவும் கிடையாது, உரிமத் தொகை கிடையாது. ஊர் ஊராகச் சிமென்டிலும் நீலப் பெயின்டிலும் மக்களே செய்துகொண்டார்கள். எந்த ஊரில் செய்தாலும் கோட்டும் விரலும் புத்தகமும் தவறவில்லை. தமிழ்நாட்டு அரசு அந்த டிசைனில் தன் பங்காக ஒன்றைச் சேர்த்தது, இரும்புக் கூண்டு. தலைவரைக் கூண்டில் வைத்துப் பார்த்தே வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. கூண்டு இல்லாமல் அவரை வரையச் சொன்னால் தடுமாறிய பிள்ளையை நாங்களே பார்த்திருக்கிறோம்.

ஆகவே, போனில் கிடைக்கிற வார்ப்புருவில் தலைவர் படத்தை ஒட்டி, ஓரத்தில் உங்கள் படத்தைப் பெரிதாகப் போட்டு அனுப்புகிற தோழர்களே, கொஞ்சம் நிறுத்துங்கள். ஆதிக்கச் சாதி சங்கத்தின் காதுகுத்து பிளெக்ஸும் நம் நினைவேந்தல் போஸ்டரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஏன் இருக்கின்றன? உங்கள் ஊர் மயானப் பாதை எத்தனை மீட்டர், ஊர்க் கிணற்றுக்கும் நம் குழாய்க்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு அட்டையில் டு போய்ஸ் மாதிரி கையால் வரைந்து பஞ்சாயத்து அலுவலக வாசலில் ஒட்டிப் பாருங்கள். எந்தப் போஸ்டருக்குக் கிழிசல் முதலில் விழுகிறது என்று தெரியும்.

எங்கள் படிப்பகத்தில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். வீட்டில், பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கும் தீப்பெட்டி லேபிள்களைக் கொண்டு வாருங்கள். தனியாக ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த ஊர், எந்த வருஷம், யார் ஒட்டியது, அப்போது அவர்களுக்கு என்ன வயது, குரோசுக்கு என்ன கூலி. பெயரை எழுத வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் எழுத வேண்டாம். வயதையும் கூலியையும் மட்டும் எழுதுங்கள். இதுவரை பதினோரு தாள் சேர்ந்திருக்கிறது. முதல் தாள் கிளி லேபிளுக்கானது. ஆச்சி சொல்லச் சொல்ல, அந்தத் தங்கச்சியே எழுதினாள்.